ஐந்தாம் மேசையில் உயர்ந்த கை

அந்த ரேப் றெக்கோடர் இப்போது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில், எங்கள் வீட்டு பேஸ்மென்ற் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. கறுப்பு நிறம். இரண்டு செங்கல்லை அடுக்கியதுபோன்ற பருமன். கைபிடி ஒரு பக்கம் உடைந்துவிட்டது. கசற்றை ஓடவிடும் பொத்தானில் இருந்த வெள்ளை எழுத்துகள் என் பெருவிரல் பட்டுப் பட்டே அழிந்துபோயின. அதற்கு இரண்டு பொத்தான் தள்ளி இன்னொன்று இருக்கிறது. ஓடும் கசற்றைக் கொஞ்சநேரம் நிறுத்திவைப்பதற்கு. அதில் எழுத்து கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. ஏழு வருடம் அந்த யந்திரத்தோடு காலம் கழித்தவள் நான். அந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பொத்தானில் விரல் வைக்கவில்லை. அப்போது அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு மீன்கடை, ஒரு பல் வைத்தியர். படியேறும்போது பாதிவரை மீன் மணம் கூடவே வரும். அதற்கு மேல் பல் மருந்து மணம். சீனாவிலிருந்தும் ஹொங்கொங்கிலிருந்தும் மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் உயர்பள்ளியின் கடைசி வருடத்தை அங்கே படித்தார்கள். கணக்கிலும் விஞ்ஞானத்திலும் சூரர்கள். ஆங்கிலம் ஒன்றுதான் அவர்களுக்கு மலை. அதை ஏறிவிட்டார்களா என்று பார்க்கப் பள்ளி ஒரு சோதனை வைத்திருந்தது. நாற்பது கேள்விக்குக் கசற்றைக் கேட்டு விடை எழுதவேண்டும், அறுபது கேள்விக்கு வாசித்து எழுதவேண்டும். நூற்றுக்கு அறுபது எடுத்தால் அதிபர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவார். எடுக்காவிட்டால் கடிதம் இல்லை. கடிதம் இல்லையென்றால் இடம் இல்லை. இடம் இல்லையென்றால் கோடையோடு விசா முடிந்து வந்த வழியே திரும்பவேண்டியதுதான். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை சந்தர்ப்பம் கொடுப்பார்கள், அதற்கு மேல் கிடையாது.

நான் அங்கே அலுவலக உதவியாளர். சோதனை நடக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் மண்டபம் என் கையில். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்திருக்கிறேன். அந்தப் பதினொரு வருடத்தை ரொறொன்ரோவில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வந்த புதிதில் என்னையே ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் கருவியை மாட்டி, வானிலை அறிக்கையைக் கேட்கவைத்து, எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று சோதித்தார்கள். வாசிப்பில் நல்ல புள்ளி. கேட்டலில் மட்டுமட்டாகத் தப்பினேன். புத்தகத்தில் படித்த மொழி காதுக்கு வந்து சேரச் சுணங்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. ஆகவே அந்தப் பிள்ளைகள் கசற் தொடங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சின்ன அறை நினைவுக்கு வரும். வெளியே காட்டமாட்டேன். மண்டபத்தில் நான் பொல்லாதவள் என்றுதான் பெயர்.

அதிபர் ஹொங்கொங்கில் கணக்குப் படிப்பித்தவர். சட்டைப் பையில் மூன்று பேனை, வாயில் எப்போதும் இஞ்சி இனிப்பு. சோதனைக்கு அவர் போட்ட சட்டம் இரண்டு. சரியாகப் பத்தேகாலுக்குத் தொடங்கவேண்டும். தொடங்கிய கசற்றை எக்காரணம் கொண்டும் நிறுத்தவோ பின்னுக்குச் சுற்றவோ கூடாது. உலகம் உங்களோடு ஒரு தடவைதான் பேசும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்வார். இவ்வளவு கணக்குப் படித்த மனிதர், மண்டபத்து மேசைகளுக்கு இலக்கம் ஒட்டும்போது நாலை விட்டுவிடுவார். மூன்றுக்குப் பிறகு ஐந்து, பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து. நாலு அவர்களுக்கு ஆகாத எண், சாவை நினைவூட்டுமாம். கடைசி மேசையில் இருபத்திரண்டு என்று இருக்கிறது, எண்ணினால் இருபதுதானே வருகிறது என்று நான் முதல்முறை அவரிடம் போய்க் கேட்டபோது கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். வீட்டில் வந்து இதைச் சொல்லி, நானும் என் கணவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ராகு காலம் பார்க்காமல் வாசல் தாண்டாத நான்தான் அப்படிச் சிரித்தது.

அந்தக் கணக்கின்படி, உண்மையில் நாலாவதாக இருந்த ஜன்னலோர மேசைக்கு இலக்கம் ஐந்து. அங்கே இருந்த பெண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் பெயரை நான் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. அதனால் இங்கேயும் ஐந்தாம் மேசைப் பிள்ளை என்றே இருக்கட்டும். பதினெட்டு வயது. வட சீனாவில் நாலைந்து ரயில் பாதைகள் வந்து கூடும் நகரம் ஒன்றிலிருந்து வந்தவள். தகப்பனுக்கு ரயில் நிலையத்தில் வேலை. இங்கே தாயின் தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். மருந்தாளர் ஆகவேண்டும் என்பது ஆசை. மருந்துப் போத்தல்களில் ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சேர்த்து வைத்து வாசிப்பாள். வாசிப்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேட்டல்தான் கழுத்தை அறுத்தது.

காதைப் பழக்க அவள் செய்த வேலைகளை நினைத்தால் இப்போதும் மனம் இளகும். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து கடைசித் தரிப்புவரை போய்த் திரும்புவாள், சனங்கள் பேசுவதைக் கேட்பதற்காக. கடவுள் நம்பிக்கை இல்லாதவள், ஞாயிறு தவறாமல் ஒரு தேவாலயத்தில் முதல் வரிசையில் இருந்தாள். அந்தப் பாதிரியார் நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் பேசுவாராம். காதில் விழுந்த வசனங்களை ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவாள். தயவுசெய்து பின்பக்கம் நகருங்கள். இந்த யந்திரம் பழுது, அடுத்ததைப் பாவியுங்கள். உங்கள் தாய்க்கு இப்போது எப்படி. மதிய இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் தங்கள் மொழியில் கலகலத்துக்கொண்டிருக்க, இவள் என் மேசைக்கு முன்னால் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டபடி இருப்பாள். நீங்கள் பேசுங்கள் ரீச்சர், நான் கேட்கிறேன் என்பாள். உண்மையைச் சொன்னால், இந்த ஊருக்கு வந்தபிறகு என்னை ரீச்சர் என்று அழைத்த முதல் ஆள் அவள்தான். பள்ளியில் மற்றவர்களுக்கு நான் அலுவலகத்துப் பெண்மணி.

முதல் தடவை நாற்பத்தொன்பது எடுத்தாள். இரண்டாம் தடவை ஐம்பத்தாறு. மூன்றாவது சோதனை மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது. அதற்கு முந்திய நாள் போகும்போது கதவடியில் நின்று, மூன்றாவது என்றால் கடைசி, அப்படித்தானே ரீச்சர் என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததல்ல. ஆங்கில வசனம் சரியா என்று பார்ப்பதைப்போலக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். அந்த வருடம் எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றாம் தடவை. மற்ற ஏழு பேருக்காக எனக்கு நித்திரை கெடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அன்று பின்னேரம் சமைத்துக்கொண்டிருக்கும்போது குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டி கண்ணில் பட்டது. தமிழ்க் கடையில் மளிகைச் சாமானோடு இனாமாகக் கொடுத்த பிள்ளையார் படம் போட்ட நாட்காட்டி. அடியில் ராகு காலப் பட்டியல். சனி, ஒன்பது முதல் பத்தரை. சோதனை பத்தேகாலுக்கு. இத்தனை வருடமாக எல்லாச் சோதனையும் அதே நேரத்தில்தான் நடந்தது, நானும் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். ஊரார் பிள்ளையின் சோதனைக்கு யார் நேரம் பார்ப்பது? அன்றைக்கு மட்டும் அது முள்ளாகக் குத்தியது. படிப்பைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையதல்ல. விடை சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு என்னால் கொடுக்கக்கூடியது ஒரு நல்ல நேரம் மட்டுமே என்று பட்டது. அடுத்த நாள் அதிபர் புதிய பிள்ளைகளைக் கூட்டிவர விமான நிலையம் போகிறார் என்பதும் தெரியும். பதினைந்து நிமிடம். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

காலையில் மண்டபத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கழிக்க நான் போட்ட நாடகத்தைப் பார்த்திருந்தால் சிரிப்பு வரும். அடையாள அட்டைகளை இரண்டு முறை பார்த்தேன். பென்சில்களை வாங்கிக் கூர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டு, எண்ண மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்ப வாங்கி எண்ணினேன். பிள்ளைகள் முதுகு நிமிர்த்தியபடி மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். இன்றைக்குக் கிழவி கூடுதல் கண்டிப்பு என்று நினைத்திருப்பார்கள். பத்து முப்பதுக்கு மேல் ஒரு நிமிடமும் போகவிட்டு, மனதுக்குள் பிள்ளையாரை நினைத்து, பொத்தானை அழுத்தினேன். ஐந்தாம் மேசைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஏதோ பெரிய புண்ணியம் செய்தவள்போல ஜன்னலடியில் போய் நின்றேன்.

கட்டடத்துக்குப் பின்பக்கம், வேலிக்கு அப்பால், ரயில் பாதை. சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கிட்டச் சரக்கு ரயில் ஒன்று போகும். அது போகும் நேரத்தில் கசற் முடிந்து பிள்ளைகள் வாசிப்புப் பகுதியில் இருப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும், ஒருவரும் தலை நிமிரமாட்டார்கள். வாசிப்பவருக்கு ரயில் ஒரு இடைஞ்சல் இல்லை. அதிபர் பத்தேகால், பத்தேகால் என்று ஏன் உயிரை விடுகிறார் என்று நான் ஒரு தடவையாவது யோசித்திருந்தால் போதும். முப்பத்தைந்து நிமிடக் கசற். பத்தேகாலுக்குத் தொடங்கினால் பத்து ஐம்பதுக்கு முடியும். நான் தொடங்கிய நேரத்துக்கு அது பதினொன்று தாண்டியும் ஓடவேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளங்கும் கணக்கு. எனக்கு ரயிலின் முதல் ஊதல் கேட்கும்வரை விளங்கவில்லை.

கசற்றில் கடைசிப் பகுதி தொடங்கியிருந்தது. ஒரு பெண்குரல் காட்டு வாத்துகளைப் பற்றி விரிவுரை வாசித்தது. குளிருக்குத் தெற்கே பறந்து போகவேண்டிய வாத்துகளில் சில ஏன் இப்போது நகரத்துப் பூங்காக்களிலேயே தங்கிவிடுகின்றன என்று. முப்பத்தாறாம் கேள்வியிலிருந்து நாற்பதுவரை அந்த விரிவுரைக்கு உரியவை. ரயில் வந்தது. முதலில் கண்ணாடி, பிறகு தரை, பிறகு மேசைகளில் இருந்த பென்சில்கள். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பெண்குரல் அதற்குள் இறங்கி மறைந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன், இரைச்சல்தான் கூடியது. அப்போது ஐந்தாம் மேசையில் கை உயர்ந்தது. முழங்கை மடங்காமல், நேராக, விரல்கள் சேர்ந்தபடி. மற்றப் பத்தொன்பது பேரும் குனிந்து இருந்தார்கள். அவள் ஒருத்திதான் என்னைப் பார்த்தாள். மறு கையால் றெக்கோடரைக் காட்டினாள்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது கோபம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் மேற்பார்வை பார்த்த மண்டபத்துக்கு மேலே குண்டுபோடும் பொம்மர் விமானம் சுற்றியிருக்கிறது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு மேசைக்குக் கீழே குந்தியிருந்துவிட்டு, சத்தம் தூரப் போனதும் எழும்பி, விட்ட வரியிலிருந்து எழுதினார்கள். ஒருவரும் கை உயர்த்தவில்லை. உயர்த்தி யாரைக் கேட்பது? அப்படி எழுதிய பிள்ளைகளைப் பார்த்த என் கண்ணுக்கு, ஒரு சரக்கு ரயிலுக்காக உயர்ந்த கை செல்லம் கொட்டுவதாகப் பட்டது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பின்னால் ஏன் பிந்தித் தொடங்கினாய் என்ற கேள்வியும் வரும். என் விரலுக்கும் அந்தப் பொத்தானுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையை உடனே இறக்கவில்லை. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல இறக்கி, பென்சிலை எடுத்தாள். ரயில் போய் முடிந்தபோது பெண்குரல் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தது.

விடைத்தாள்களையும் நான்தான் திருத்தினேன். துளை போட்ட அட்டை ஒன்றைத் தாளின் மேல் வைத்தால் சரியான விடைகள் துளையினூடாகத் தெரியும். திங்கட்கிழமை அலுவலகத்தில் தனியே இருந்து ஐந்தாம் மேசைத் தாளின் மேல் அட்டையை வைத்தேன். முப்பத்தைந்தாம் கேள்விவரை அவள் ஒருநாளும் எடுக்காத அளவு எடுத்திருந்தாள். கடைசி ஐந்திலும் ஒன்றுகூடச் சரியில்லை. மொத்தம் ஐம்பத்தெட்டு. மற்றவர்களும் அந்த ஐந்தில் விழுந்திருந்தார்கள்தான். ஆனால் மூன்றாம் தடவைக்காரர்களில் மற்ற ஏழு பேரும் அறுபதைத் தாண்டியிருந்தார்கள்; மீதிப் பேருக்கு இன்னும் தடவை மிச்சம் இருந்தது. அந்த ரயில் அந்த மண்டபத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தது. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை.

மேற்பார்வையாளர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று உண்டு. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையூறு ஏதாவது. உண்மையை எழுதியிருந்தால் அதிபர் கசற்றை மாற்றி மறுபடி சோதனை வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நேர்மையான மனிதர். ஆனால் எனக்கு அப்போது அந்த வேலை வேண்டும். கொழும்பில் ஒரு அறையில் தனியாக இருந்த என் தாயை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் கொடுத்திருந்தோம். கணவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். குடிவரவு அலுவலகம் என் வேலைக் கடிதத்தைத்தான் கேட்டிருந்தது. அதையும்விடப் பெரிதாக நின்றது வெட்கம். கணக்குப் படிப்பித்த ஒருவருக்கு முன்னால் நின்று, கெட்ட நேரம் கழியட்டும் என்று காத்திருந்தேன் என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பத்தேகால் என்று எழுதினேன். இடையூறு இல்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து அழகானது என்று அதிபர் எப்போதும் சொல்வார்.

வீட்டில் கணவருக்குச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார்.

"உம்மட ராகு காலத்தைச் சீனப் பிள்ளையளின்ர தலையிலயும் ஏத்தியிட்டீரோ?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "எங்கட பிள்ளையள் பொம்மர் சுத்தேக்கையும் சோதினை எழுதினவை. உது ஒரு றெயில். உதுக்குப் போய் ஏன் இப்பிடி யோசிக்கிறீர்?"

"எங்கட பிள்ளையள் எழுதினவை எண்டதுக்காக அவள் ஏன் எழுதோணும்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நான் சனிக்கிழமை பதினொரு மணிக்கு என்னிடமே கேட்டிருக்கவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் வைத்தார்.

புதன்கிழமை புள்ளிகளை ஒட்டினார்கள். மதியம் அவள் வந்தாள். வழக்கம்போல் கதிரையை இழுத்துப் போடவில்லை, நின்றாள். அழவில்லை. கோபமும் இல்லை. கொப்பியைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே மனதில் சொல்லிப் பார்த்துவைத்த வசனங்களைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரயில் வந்தபோது நீங்கள் கசற்றை நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நிறுத்தவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் எங்கும் சத்தம். பஸ்ஸில் சத்தம், கடையில் சத்தம். சத்தத்துக்குள்ளும் கேட்கத் தெரியவேண்டும். அதனால் ரயிலும் சோதனையில் ஒரு பகுதி. அதுதானே ரீச்சர்?

அவள் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. தோற்றதற்கு ஒரு நியாயம் தேடிக்கொண்டுவந்து, அது சரிதானா என்று என்னிடம் பார்த்துக்கொண்டாள். அடுத்த அறையில் அதிபரின் இஞ்சி இனிப்புத் தாள் சரசரத்தது. இல்லை பிள்ளை, அது என் பிழை என்று சொல்ல ஆங்கிலத்தில் நாலு சொல் போதும். பதினொரு வருடம் அந்த மொழியைப் படிப்பித்தவளுக்கு அந்த நாலு சொல்லும் வாயில் வரவில்லை.

"ஓம்," என்றேன். "அது சோதனையில் ஒரு பகுதிதான்."

அவள் தலையாட்டினாள். கொப்பியைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நடந்தது எல்லாவற்றையும் கணவரிடம் சொன்ன நான், இதை மட்டும் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் அவளுடைய மேசை காலியானது. எந்த நாள் விமானம் ஏறினாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த குளிர்காலம், சீனப் புத்தாண்டுக்குக் கிட்ட, பள்ளிக்கு ஒரு அட்டை வந்தது. சிவப்பு நிறம், பொன் மீன் இரண்டு. சனிக்கிழமை ரீச்சருக்கு என்று எழுதியிருந்தது. உள்ளே அவளுடைய உருண்டையான எழுத்து. வாழ்த்துக்குக் கீழே ஐந்தாறு வரி. தான் நலம் என்றும், ஒரு கடையில் வேலை செய்வதாகவும், மறுபடி விண்ணப்பிக்கப்போவதாகவும் எழுதியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது: ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அப்பாவின் ரயில் நிலையத்துக்குப் போகிறேன். மேடையில் இருந்து ஆங்கிலக் கசற் கேட்கிறேன். ரயில் வரும்போதும் நிறுத்துவதில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் கேட்கும்.

அதை அலுவலகத்தில் நின்றபடியே வாசித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்றைக்கே பதில் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், ராகு காலம் உட்பட. உறையில் இருந்த முகவரி சீன எழுத்தில் இருந்தது. எனக்கு அதைப் பார்த்து எழுத வராது. அதிபரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருவார். கொடுத்தால் எதற்காக என்று கேட்பார். கடிதம் என் மேசை லாச்சியில் கிடந்தது. ஒரு மாதம் கிடந்தது. பிறகு கிழித்துப் போட்டேன். கொழும்பிலிருந்து என் தாய் அந்த வசந்தத்தில் வந்து சேர்ந்தா. விமான நிலையத்தில் அவவைக் கட்டிப் பிடித்தபோது, இதற்குக் கொடுத்த விலை என் கையிலிருந்து போகவில்லை, அந்தப் பிள்ளையின் கையிலிருந்துதான் போனது என்று ஒரு நினைப்பு வந்தது. அவவிடம் அதைச் சொல்லமுடியுமா?

சில வருடம் கழித்துப் பள்ளியை மூடினார்கள். மேசைகளை ஏற்றும் நாளில் நானும் அதிபரும் இலக்கத் துண்டுகளை உரித்துக்கொண்டிருந்தோம். நாலைக் காணாத வரிசையைப் பார்த்து அவரே பழைய பேச்சை எடுத்தார். இந்தப் பள்ளியைத் திறக்கவே நல்ல நாள் வரட்டும் என்று பஞ்சாங்கம் பார்த்துப் பதினொரு நாள் பூட்டி வைத்திருந்தாராம். பிள்ளைகள் வாசலில் வந்து திரும்பிப் போனார்களாம். மனைவிகூடத் திட்டினாவாம். நம்பிக்கை இருப்பவருக்குத்தானே அந்தப் பயம் விளங்கும் என்று சிரித்தார். நான் கையில் ஐந்தாம் இலக்கத் துண்டோடு நின்றேன். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று நான் பயந்த அதே விஷயத்தை அந்த மனிதர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். இந்த உலகத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அன்றைக்காவது சொன்னேனா? இல்லை. நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று றெக்கோடரையும் சோதனைக் கசற்றையும் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கும் பிறகு, தமிழ்க் கடைகள் ரொறொன்ரோ நேரத்துக்கே கணித்த நாட்காட்டியைக் கொடுக்கத் தொடங்கின. அதுவரை நாங்கள் சுவரில் மாட்டியதெல்லாம் ஊர்ச் சூரியனுக்குப் போட்ட பட்டியல். இங்கே கோடையில் சூரியன் எழும்புவதும் வேறு, விழுவதும் வேறு. ராகு காலமும் அதோடு சேர்ந்து நகரும். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதரையிலிருந்து பதினொன்று இருபதுவரை. பத்தேகாலும் ராகு காலம்தான், நான் காத்திருந்து தொடங்கிய நேரமும் ராகு காலம்தான். அந்தப் பிள்ளைக்காக நான் எதையும் விலக்கவில்லை. ஒரு ரயிலைக் கூட்டிவந்து கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றோடு நேரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். நாட்காட்டி இப்போதும் தொங்குகிறது; என் தாய் பார்ப்பா.

பிக்கரிங் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ரயில் பாதை. வீடு பார்க்க வந்தபோது சத்தம் பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்று நான்தான் சொன்னேன். ஒவ்வொரு ரயிலுக்கு அடியிலும் ஒரு பெண்குரல் கேட்கிறது. தூரத்தில் ஒரு மேடையில் ஒருத்தி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருக்கிறாள். இப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும், அவள் அங்கே இருக்கமாட்டாள் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன். சீனக் கடைகளில் மருந்து கொடுக்கும் பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். முகம் மறந்துபோய்விட்டது என்பதால் பிறகு கையைப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு பகலில், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, றெக்கோடரை இறக்கினேன். கசற் வைக்கும் இடத்துக்குள் அந்தச் சிவப்பு அட்டை மடிந்து இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கசற்றைப் போட்டுக் கடைசிப் பகுதிக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தேன். பெண்குரல் வாத்துகளைப் பற்றிச் சொன்னது. தாயோடு ஒரு தடவையாவது பறந்து போகாத குஞ்சுக்குத் தெற்கே போகும் வழி தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது முப்பத்தெட்டாம் கேள்விக்குரிய விடை. அப்போது ரயில் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. நான் எழுத்து அழியாத அந்தப் பொத்தானை அழுத்தினேன். புதுப் பொத்தானைப்போல இறுக்கமாக இருந்தது. கசற் நின்றது. ரயில் போய் முடியும்வரை காத்திருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன். அந்தக் குரல் விட்ட இடத்திலிருந்து, ஒரு சொல்லும் குறையாமல், தொடர்ந்து வாசித்தது.